ஜோ பொப் பிரிக்ஸ்: வேடம் கட்டியதால் நட்டமா?

களரிமகன் (சீலாமுனை):
போன கிழமை ஒருவர், “பேய்ப்படத்துக்கு விமர்சனம் எழுதுகிறவனுக்கு வேறு வேலை தெரியாது” என்று இங்கே எழுதியிருந்தார். அதற்குத்தான் இந்தப் பதில். அமெரிக்காவில் ஜோன் ப்ளூம் என்று ஒரு நிருபர். 1982இல் டலஸ் டைம்ஸ் ஹெரல்ட் பத்திரிகையில் ஜோ பொப் பிரிக்ஸ் என்ற பட்டிக்காட்டு டெக்சாஸ்காரனாக வேடம் கட்டி எழுதத் தொடங்கினார். காரில் இருந்தபடியே பார்க்கும் திறந்தவெளித் திரைகளில் ஓடிய மலிவான படங்கள்தான் அவருக்கு விஷயம். மற்ற விமர்சகர்கள் அவற்றை எட்டியும் பார்ப்பதில்லை. எத்தனை பிணம், எவ்வளவு இரத்தம் என்று கடைசியில் கணக்கும் போடுவார். அதே ஆள்தான் 1984இல், இன்னொருவரோடு சேர்ந்து, டெக்சாஸில் நடந்த கோடரிக் கொலை வழக்கு ஒன்றைச் சொந்தப் பெயரில் நூலாக எழுதினார். 2023இல் அது தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது. 2016இல் இரிடியம் செய்மதித் தொலைபேசியைப் பற்றி ஒரு தடித்த நூல். இவருக்கா வேறு வேலை தெரியாது?

மருதூர் வாசகன் (சாய்ந்தமருது):
தம்பி, நீங்கள் சொன்னதே என் கட்சிக்குச் சாட்சி. அந்த இரிடியம் கதையைப் பாருங்கள். மோட்டரோலா 500 கோடி டாலருக்கு மேல் கொட்டிய திட்டம் 1999இல் வங்குரோத்தாகி, சுற்றிக்கொண்டிருந்த செய்மதிகளைக் கீழே இறக்கி எரித்துவிட இருந்தார்கள். டான் கொலசி என்ற ஓய்வுபெற்ற நிறுவனத் தலைவர் இரண்டரைக் கோடி டாலருக்கு வாங்கிக் காப்பாற்றினார். 2004 சுனாமிக்குப் பிறகு எங்கள் கரையில் தொலைபேசிக் கம்பங்கள் சரிந்து கிடந்தன. நிவாரணத்துக்கு வந்தவர்கள் செய்மதித் தொலைபேசியில் பேசியதைக் கண்ணால் கண்டவன் நான். இப்படி ஒரு கதையைத் தோண்டி எடுக்கத் தெரிந்தவர் இத்தனை வருடம் பிணம் எண்ணியது பெரிய நட்டம்.

அப்புறம் 1985ஐ விட்டுவிட்டீர்கள். ஆபிரிக்கப் பஞ்ச நிவாரணத்துக்காகப் பாடிய பாட்டைக் கிண்டலடித்து எழுதினார். கறுப்பின மக்கள் கொதித்துப்போனார்கள், பத்திரிகை அந்தப் பத்தியை நிறுத்தியது. வேடம் கட்டினால் எதையும் சொல்லலாமா?

கூத்துப்பிள்ளை (ஆரையம்பதி):
காக்கா, நான் விடிய விடிய வட்டக்களரியைச் சுற்றி இருந்து கூத்துப் பார்த்து வளர்ந்தவள். கொலுவுக்கு முன் கட்டியகாரன் வந்து ராசா வரும் சேதியைச் சொல்வான். ஜோ பொப் அந்தக் கட்டியகாரன்தான். 1996 முதல் 2000 வரை டிஎன்டி தொலைக்காட்சியில் படத்தை இடையிடையே நிறுத்தி, யார் எடுத்தார்கள், எப்படி எடுத்தார்கள், நடித்தவர்கள் பிறகு என்ன ஆனார்கள் என்று சொல்வார். அந்தப் படங்களின் வரவை அறிவிக்க வேறு ஆள் இருக்கவில்லை. 2018இல் பேய்ப்படங்கள் காட்டும் ஷடர் இணையத்தளத்தில் ஒரே ஒரு தடவைக்கென்று 24 மணித்தியால நிகழ்ச்சி வைத்தார்கள். வந்த கூட்டத்தைத் தாங்காமல் தளமே முடங்கியது. அதன்பிறகுதான் அது தொடரானது. பிணம் எண்ணுகிறவருக்காக மட்டும் அவ்வளவு சனம் வராது.

மருதூர் வாசகன்:
கட்டியகாரன் உவமை நல்லது, தங்கச்சி. ஆனால் களரியில் ஆடுகிறவன் யார் வீட்டுப் பிள்ளை என்று ஊருக்கே தெரியும். வரம்பு மீறினால் கூத்துப் பழக்கிய அண்ணாவியார் விடியமுன்னமே பிடித்துக் கேட்பார். காலையில் தேநீரோடு பத்திரிகை விரிக்கிறவருக்கு அந்த முகப்பூச்சு எப்படித் தெரியும்?

களரிமகன்:
1985 பற்றி மழுப்பமாட்டேன், காக்கா. பட்டினி கிடந்தவர்களைத் தொட்ட கிண்டல் பிழை. நிவாரண வரிசையில் கிண்ணத்தோடு நின்ற எங்களுக்கு அதை யாரும் விளக்கத் தேவையில்லை.

ஆனால் நட்டம் என்கிறீர்களே, அதை ஏற்கமாட்டேன். கொலை வழக்கை எழுதியதும் பேய்ப்படத்தை எழுதியதும் ஒரே கைதான். கையில் காசில்லாதவன் எப்படிப் படம் எடுத்து முடித்தான் என்று விசாரித்துச் சொல்வதும் நிருபர் வேலைதான். ஸ்கோர்செஸியின் ‘கசினோ’ படத்தில், டி நீரோவின் பாத்திரம் வேலையை விட்டு நிறுத்தும் சூதுப்பொறி மேலாளராகக் கூட நடித்திருக்கிறார். ஆளைப் பிடிக்காதவர்களும் அந்தக் காட்சியைப் பாருங்கள்.

மருதூர் வாசகன்:
சரி, நிருபர் வேலை என்பதை ஒத்துக்கொள்கிறேன். அதற்கு வேடம் எதற்கு என்பதில் எனக்கு இன்னும் சமாதானம் இல்லை. இரிடியம் நூலில் ஜோன் ப்ளூம் என்றுதான் பெயர் போட்டிருக்கிறார். அங்கே ஜோ பொப் தேவைப்படவில்லையே.