தொடராக வந்த பெரிய நூல்களை ஒரே மூச்சில் வாசிப்பது சரியா?

காவிரிக்கரையான்:
பணி ஓய்வுக்குப் பிறகு, அலமாரியில் வெகுகாலம் காத்திருந்த நூல்களை ஒவ்வொன்றாக வாசித்து வருகிறேன். மனத்தில் பட்டதை ஒளிக்காமல் எழுதுகிறேன். என் வாசிப்பில் பிழை இருந்தால் சொல்லுங்கள்.

‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகங்களையும் பதினெட்டு நாள்களில் முடித்தேன். ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வரும் தொடக்கம் இன்றும் மனத்தைப் பிடித்து இழுக்கிறது. ஆனால் மூன்றாம் பாகத்துக்கு மேல், யாரோ மறைந்திருந்து கேட்பதும் யாரோ நினைவிழப்பதும் திரும்பத் திரும்ப வந்து சலிப்பூட்டின.

தி. ஜானகிராமனின் ‘மோகமுள்’ நாவலில், நாயகன் பாபுவின் சங்கீத ஆசான் ரங்கண்ணா வரும் பக்கங்களை இரண்டு முறை வாசித்தேன். எனினும், அடுத்த வீட்டுக் கிழவருக்கு வாழ்க்கைப்பட்ட தங்கம்மா உயிரை மாய்த்துக்கொண்ட பிறகு, பாபுவின் மனக்குழப்பத்துக்குத் தந்த இடத்தில் கால்பங்கைக்கூட நாவல் அவளுக்குத் தரவில்லை என்பது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது.

இவற்றுக்குப் பின் பூமணியின் ‘வெக்கை’யை எடுத்தேன். கொலை தொடக்கத்திலேயே நடந்து முடிந்துவிடுகிறது. அதன்பின் பதினைந்து வயதுச் சிறுவனும் அவன் தகப்பனும் காட்டில் ஒளிந்து திரிவதும், கிடைத்ததைச் சமைத்து உண்பதும், படுக்க இடம் தேடுவதும்தான் கதை. ஒரு வரிகூட மிகையாகத் தோன்றவில்லை.

முன்னிரண்டும் பத்திரிகைத் தொடர்களாக வந்தவை. அவற்றின் தளர்ச்சிக்கு அதுதான் காரணமா?

பழைய பைண்டு:
‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வந்த கதை. அதைப் பதினெட்டு நாள்களில் விழுங்கினால் திகட்டத்தான் செய்யும். எங்கள் வீட்டில் அம்மா பத்திரிகைப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்துப் பைண்டு செய்த பிரதி இருக்கிறது. மணியத்தின் ஓவியத்தைப் புரட்டினால் பின்பக்கத்தில் விளம்பரம் இருக்கும். பைண்டு செய்தவர் ஓரத்தை வெட்டியதில் சில பக்கங்களின் கடைசி வரி பாதி போய்விட்டது. இரவுக்கு இரண்டு அத்தியாயம் என்று அதில்தான் வாசித்தேன். ஒளிந்து கேட்கும் காட்சிகள் எனக்குச் சலிக்கவில்லை. ஆனால் ஆதித்த கரிகாலன் கொலைக்குப் பிறகு கதை தன் வேகத்தை இழக்கிறது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன்.

குடந்தை வாசகி:
தொடராக வந்ததுதான் காரணம் என்பதை நான் ஏற்கவில்லை. உ. வே. சாமிநாதையரின் தன்வரலாறான ‘என் சரித்திர’மும் 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்ததே; 1942இல் அவர் மறைந்ததால் முற்றுப்பெறாமல் நின்றது. அவ்வளவு பெரிய நூலில் எனக்குத் தளர்ச்சியே தெரியவில்லை. 1880இல் குடந்தையில் முன்சீப் சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்திக்கும் பகுதியைப் பாருங்கள். இளம் ஆசிரியராக இருந்த சாமிநாதையர் தாம் கற்ற அந்தாதிகளையும் கலம்பகங்களையும் பிள்ளைத்தமிழ்களையும் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போக, கேட்பவர் முகத்தில் வியப்பின் சாயலே இல்லை. இவற்றால் என்ன பயன் என்று கேட்டுவிட்டு, பழங்காப்பியமான சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்கிறார். அதுவரை சேர்த்த கல்விப் பெருமிதம் ஒரு நொடியில் ஆட்டங்காண்பதை, அறுபது ஆண்டு கழித்து, தம்மைச் சற்றும் காப்பாற்றிக்கொள்ளாமல் எழுதியிருக்கிறார்.

தங்கம்மாவைப் பற்றி நீங்கள் சொன்னதை முழுவதும் ஏற்கிறேன். பாபு விரும்பும் யமுனாவின் பிடிவாதத்தை அத்தனை நுட்பமாக எழுதிய தி. ஜானகிராமன், அடுத்த வீட்டுப் பெண்ணின் தனிமையைப் பாபுவின் கண்ணால் மட்டுமே பார்த்துவிட்டார். நாவல் வாரந்தோறும் வந்ததற்கும் இதற்கும் தொடர்பில்லை.

காவிரிக்கரையான்:
இருவருக்கும் நன்றி. ‘என் சரித்திர’த்தை இன்றிரவே தொடங்குகிறேன், நாளுக்கு இரண்டு அத்தியாயம் என்ற கணக்கில். ‘பொன்னியின் செல்வன்’ நான்காம் பாகத்தையும் அதே நிதானத்தில் மறுபடி வாசித்துவிட்டு, என் கருத்து மாறினால் இங்கேயே எழுதுவேன். தங்கம்மா விஷயத்தில் மாறாது.