கலிபோர்னியா இழப்பீட்டு கேஸ்: டாக்டர் ரிப்போர்ட்டுக்கு ஒரே கட்டணமா, மணிக்கணக்கா?

கிளைம்_கணக்கன்: வேலையில் அடிபட்டவர் கேஸ் தகராறானால் கியூஎம்இ டாக்டர் (இந்த மாதிரி தகராறுகளில் கருத்துச் சொல்ல மாநிலம் தகுதிச் சான்று கொடுத்த டாக்டர்) பரிசோதித்து ரிப்போர்ட் எழுதுவார். செலவு முதலாளி தரப்புக்கு. 2021 ஏப்ரல் 1 முதல் முழு மதிப்பீட்டுக்கு 2,015 டாலர் என்று ஒரே தொகை. இதுதான் சரி என்பது என் கட்சி. முன்பெல்லாம் ‘சிக்கலான கேஸ்’ என்று முத்திரை குத்திவிட்டால் மணிக்கு 250 டாலர். படிக்க இத்தனை மணி, எழுத இத்தனை மணி என்று பில் வரும். அதை நான் எதை வைத்துச் சரிபார்ப்பது, அவர் வீட்டுக் கடிகாரத்தை வைத்தா?

ரிப்போர்ட்_டைப்பிஸ்ட்: அந்த 250 எந்த வருஷத்து விலை சார்? 2006. பதினைந்து வருஷம் அசையவில்லை. அதனால்தான் மணிகள் வீங்கின. இப்போது முதுகு மட்டும் பிடித்துக்கொண்டவருக்கும், கழுத்து, முட்டி, பழைய ஆபரேஷன் என்று வருகிறவருக்கும் ஒரே விலை.

கிளைம்_கணக்கன்: ஒரே விலை இல்லை. டாக்டர் படிக்க நாங்கள் அனுப்பும் மருத்துவக் கோப்பு 200 பக்கத்துக்கு மேல் போனால், கூடுதல் பக்கம் ஒவ்வொன்றுக்கும் 3 டாலர். 1,200 பக்கக் கோப்புக்கு அதுவே 3,000. மனநல மதிப்பீடு என்றால் அடிப்படைத் தொகை இரண்டு மடங்கு. இன்னும் என்ன வேண்டும்?

ரிப்போர்ட்_டைப்பிஸ்ட்: பதரையும் சேர்த்து அளந்த கணக்கு அது. ஒரே எம்ஆர்ஐ ரிப்போர்ட் நாலு தடவை வரும், நாலுக்கும் காசு. ஆனால் இந்தத் தேய்மானத்தில் வேலையால் வந்தது எத்தனை சதவீதம், வயதால் வந்தது எத்தனை என்று பிரித்து எழுத அரை நாள் போகும். அந்த ஒரு பத்திக்குத்தான் இரண்டு தரப்பும் காத்திருக்கின்றன. அதற்குத் தனியாக ஒரு காசு கிடையாது.

கிளைம்_கணக்கன்: நாலு தடவை அனுப்புவது நாங்கள்தான், ஒத்துக்கொள்கிறேன். அனுப்புகிறவரே பக்கத்தை எண்ணி உறுதிமொழி தர வேண்டும் என்று விதி வந்த பிறகும் சிலர் அப்படியே அள்ளிப் போடுகிறார்கள். எங்கள் சோம்பலுக்கு அந்த 3 டாலர் அபராதம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

வலது_தோள்: நான் அடிபட்டவன், அதனால் கொஞ்சம் கடுப்போடு எழுதுகிறேன். என் ரிப்போர்ட்டில் தோளைப் பற்றி இருந்தது, மணிக்கட்டைப் பற்றி ஒரு வரி இல்லை. மணிக்கட்டையும் பார்க்கச் சொல்லி வக்கீல் முதலிலேயே கேட்டிருந்தார். மணிக்கணக்கில் காசு கொடுத்தால் இழுத்து எழுதுகிறார்கள், மொத்தமாகக் கொடுத்தால் பாதியில் விடுகிறார்கள். அப்புறம் துணை ரிப்போர்ட், அதற்கு 650 டாலர்.

கிளைம்_கணக்கன்: தம்பி, முதலிலேயே கேட்ட கேள்வியை விட்டுவிட்டு எழுதினால் அந்த 650 கிடையாது. விதியில் தெளிவாக இருக்கிறது.

வலது_தோள்: தெரியும் சார். அதனால்தான் அவர் அவசரப்படவில்லை. துணை ரிப்போர்ட்டுக்கு 60 நாள் கெடு.

ரிப்போர்ட்_டைப்பிஸ்ட்: இதற்கு எங்கள் பக்கம் பதில் இல்லை. கெடு தாண்டிவிட்டதா?

வலது_தோள்: இன்றோடு 71.