தஞ்சாவூர் புறநகரில் சாப்பாடும் நல்ல மளிகையும் ஒரே இடத்தில் கிடைக்குமா?

எல்லோருக்கும் வணக்கம். பொங்கலுக்கு அக்கா குடும்பம் சென்னையிலிருந்து வருகிறது. அப்பாவுக்கு முழங்கால் வலி. கீழவாசல் கூட்டத்தில் கடை கடையாக ஏறி இறங்க முடியாது. புதிய பேருந்து நிலையம், மருத்துவக் கல்லூரி சாலை பக்கம் வண்டியை ஒரு தடவை நிறுத்தி, நிதானமாகச் சாப்பிட்டு, அப்படியே மளிகையும் வாங்கிவர இடம் இருக்கிறதா?

அக்காவுக்குக் கும்பகோணம் கடப்பா வேண்டும். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் குழைந்து, சோம்பும் கசகசாவும் அரைத்து ஊற்றியது, இட்லி மேல் வழிய வேண்டும். சாம்பாரில் உருளைக்கிழங்கைப் போட்டுக் கடப்பா என்று கொடுக்கிற இடம் வேண்டாம்.

அப்புறம் அரிசி. மாப்பிள்ளை சம்பாவும் தூயமல்லியும் வாங்க வேண்டும். போன மாதம் ஒரு கடையில் வாங்கிய மாப்பிள்ளை சம்பாவை இரவு ஊறவைத்தேன். காலையில் மூடியைத் திறந்தால் வண்டு மிதக்கிறது. அப்பா கஞ்சிக்காகக் காத்திருந்தார், மனசு கஷ்டமாகிவிட்டது. பாக்கெட் பளபளப்பாக இருக்க வேண்டாம், எப்போது அரைத்தது என்று கேட்டால் சொல்லத் தெரிந்த கடைதான் வேண்டும். செக்கு நல்லெண்ணெயும் அங்கேயே கிடைத்தால் ரொம்ப நல்லது.

அசோகா அல்வாவுக்குத் திருவையாறே போய்விடுவோம், அதில் சந்தேகமில்லை. நீங்களே போய் வாங்கிய இடமாகச் சொல்லுங்கள். படி ஏறாமல் உள்ளே போகலாமா என்பதையும் சேர்த்துச் சொன்னால் பெரிய உதவி.