ரத்தத்தில் ஹார்மோன் ஏறினால் நோய் முற்றிவிட்டதா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பொங்கோல்வாசி:
அக்காவுக்கு 44 வயது. மார்பில் கட்டி எடுத்தாயிற்று, இப்போது டாமாக்சிஃபென் என்ற ஹார்மோன் மாத்திரை. ரத்தப் பரிசோதனை முடிவு கைப்பேசிக்கு வந்தது. எஸ்ட்ராடயோல் என்ற பெண் ஹார்மோனின் எண்ணுக்குப் பக்கத்தில் சிவப்பு அம்புக்குறி, மேல்நோக்கி. எம்ஆர்டி ரயிலில் நின்றபடி பார்த்தவள் ஊட்ரம் பார்க்கில் இறங்காமல் ஹார்பர்ஃபிரண்ட் வரை போய்விட்டாள். அங்கிருந்து போன்: “முத்திப்போச்சாடா?” அந்தக் குரல் இன்னும் காதிலேயே நிற்கிறது. டாக்டர் ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார்: மாதவிடாய் நிற்காதவர்களுக்கு இந்த மாத்திரையாலேயே எஸ்ட்ராடயோல் ஏறலாமாம். மாத்திரையின் வேலை ஹார்மோனைக் குறைப்பதல்ல, புற்றணுவில் அது ஒட்டும் இடத்தை அடைப்பதுதான். இதை முதலிலேயே சொன்னால் என்ன குறைந்துவிடும்?

தேக்கா மாமி:
எங்களுக்கு ரத்தப் பரிசோதனை இல்லை, பயாப்சி, அதாவது கட்டியிலிருந்து துணுக்கு எடுத்துப் பார்ப்பது. அம்மாவின் அறிக்கையில் ஈஆர் (புற்றணுவில் பெண் ஹார்மோன் ஒட்டும் இடம்) 8/8. எட்டுக்கு எட்டு என்றதும் அப்பா நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். நர்ஸ் சிரித்துவிட்டு, “அங்கிள், இது நல்ல மார்க்கு” என்றார். ஹார்மோன் மாத்திரைக்குக் கட்டி நன்றாகக் கட்டுப்படும் என்று அர்த்தமாம்.

ஜூரோங் ராஜா:
பொங்கோல்வாசி, அப்படியே விட்டுவிடாதீர்கள். மாதவிடாய் நின்றவர்களில் எஸ்ட்ராடயோல் மிக அதிகமாக இருப்பவர்களுக்கு, மிகக் குறைவாக இருப்பவர்களைவிட மார்பகப் புற்று வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்கு என்று 2002லேயே ஆய்வு வந்துவிட்டது. என் மனைவிக்கும் வந்தது, இப்போது நலம். தௌஹுவே (சோயா பாலில் செய்யும் இனிப்பு), சோயா பால் இரண்டையும் நிறுத்துங்கள், சோயாவில் ஹார்மோன் மாதிரிப் பொருள் இருக்கிறது. முடிக்காக பயோட்டின் வைட்டமின் மாத்திரை போடுகிறாரா? ஹார்மோன் பரிசோதனையில் அது தப்பான எண் காட்ட வைக்கும், டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அறிக்கைகளைத் தேதிவாரியாகக் கோப்பில் போடுங்கள். ஒரே ஆய்வுக்கூடத்தில் எடுங்கள், இல்லாவிட்டால் எண்களை ஒப்பிடவே முடியாது. அப்புறம் நடை, தினமும்.

தேக்கா மாமி:
ராஜா, நோய் வரும் வாய்ப்பு வேறு, வந்த நோய் எவ்வளவு தீவிரம் என்பது வேறு. கட்டியின் அளவு, நிணநீர்க் கணு, பரவல் இவற்றை வைத்துத்தான் ஸ்டேஜ். 2018 முதல் கட்டியின் கிரேடு (அணுக்கள் எவ்வளவு மாறியிருக்கின்றன என்பது), ஈஆர், பிஆர் (இன்னொரு பெண் ஹார்மோன் ஒட்டும் இடம்), ஹெர்2 (புற்றணுவை வளரத் தூண்டும் புரதம்) எல்லாம் சேர்ந்தன. அவையும் திசுவில் பார்ப்பவை. ரத்தத்து எஸ்ட்ராடயோல் அதில் எங்கே இருக்கிறது? தௌஹுவே மேல் என்ன கோபம்? ஷாங்காயில் சுமார் 5,000 நோயாளிகளைப் பார்த்து 2009ல் வந்த ஆய்வில், சோயா அதிகம் சாப்பிட்டவர்களுக்கு நோய் திரும்பியது குறைவு.

பொங்கோல்வாசி:
பயோட்டின் போடுகிறாள்! ராஜா அண்ணன் சொன்னதில் அது ஒன்று உருப்படி, அடுத்த ரத்தம் எடுப்பதற்குள் கேட்டுவிடுகிறேன். தௌஹுவேயை மட்டும் விடமாட்டாளாம்.