ஓதத்தில் தெருவுக்குள் கடல்: கூட்டத்தில் என்ன கேட்கலாம்?

கேள்வி: ராமநாதபுரம் கடலோரச் சிறுநகரம் எங்களுடையது. அமாவாசை ஓதத்தோடு கச்சான் காற்றும் சேர்ந்தால், கடல்தண்ணீர் மழைநீர் வாய்க்கால் வழியே திரும்பி வந்து திண்ணை வரை நிற்கிறது. கிணறும் உப்புக் கரிக்கிறது. அடுத்த வாரம் நகராட்சிக் கூட்டம். கரையில் கல் கொட்டித் தருவார்களாம். போதுமா?

பதில்: போதாது அண்ணே. வாய்க்காலில் வரும் தண்ணீரைக் கரைக்கல் எப்படித் தடுக்கும்? வாய்க்கால் முகத்தில், கடல் பக்கம் மட்டும் திறக்கும் மடைக்கதவு கேளுங்கள். ஓதம் ஏறும்போது தானாக மூடிக்கொள்ளும். அந்த நேரம் மழை பெய்தால் உள்தண்ணீர் வெளியேறாது, அதனால் பம்பும் வேண்டும். வாய்க்கால் முகத்தில் அடைக்கும் மணலை யார் அள்ளுவது என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். கல் கொட்டினால் பக்கத்து ஊர்க் கரை அரிக்கும், பாவம்.

பதில்: மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் 2 மூழ்கிவிட்டன. பவளப்பாறையை வெட்டியெடுத்ததும் காரணம். அலையின் வேகத்தைக் குறைப்பது அந்தப் பாறைதான். அதையும் கூட்டத்தில் பேசுங்கள்.

கேட்டவர்: சரி, மனுவில் மடைக்கதவுதான் முதலில். அப்புறம் கிணற்றுத் தண்ணீர்ச் சோதனை.