அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் ஜார்ஜ் மைக்கன் உங்களுக்கு எப்படி அறிமுகம்?

பழைய பாயின்ட் கார்டு:
பள்ளி டீமில் ஆடிய பலருக்கும் மைக்கன் டிரில் என்ற பயிற்சி தெரியும். ரிங்குக்கு அடியில் நின்று வலது கையால் ஒரு லே-அப் (கிட்டே இருந்தே பந்தை ரிங்கில் போடுவது), பந்து தரையில் படுவதற்குள் பிடித்து இடது கையால் இன்னொன்று. தோள் கழன்றுவிடும்! மைக்கன் என்பது ஒரு மனிதரின் பெயர் என்றே எங்கள் கோச் சொன்னதில்லை. உங்களுக்கு எப்படி?

மினியாபோலிஸ்வாசி:
இங்கே டார்கெட் சென்டர் அரங்கில் அவருக்குச் சிலை இருக்கிறது. ஒரு கையைத் தலைக்கு மேல் வளைத்து ஹூக் ஷாட் போடுகிற மாதிரி, கண்ணாடியோடு. அவர் ஆடிய, இப்போது லாஸ் ஏஞ்சல்ஸில் இருக்கிற லேக்கர்ஸ் 1960 வரை எங்கள் ஊர் டீம் என்பதே அதைப் பார்த்து விசாரித்தபோதுதான் தெரிந்தது. ஊர்ப் பெரியவர் ஒருவர் பிடித்துக்கொண்டார், விடவில்லை. 1950 நவம்பரில் ஃபோர்ட் வெய்ன் டீம் இங்கே வந்து, மைக்கன் கைக்குப் பந்து போகக்கூடாது என்று தங்களிடமே வைத்து நேரத்தை ஓட்டியதாம். 19–18 என்று ஜெயித்தும் விட்டார்கள். அந்த 18இல் 15 மைக்கன் போட்டது. இப்படிப்பட்ட ஆட்டங்களைப் பார்க்க யார் காசு கொடுப்பார்கள்? 1954இல் 24 விநாடிக் கெடு வந்தது: பந்து கைக்கு வந்தால் அதற்குள் ரிங்கை நோக்கி எறிந்தாக வேண்டும்.

கோச் அக்கா:
உயரமான பிள்ளைகளைக் கூட்டி வந்து, "இவனுக்குக் கால் ஓடாது மேடம்" என்று பெற்றோரே சொல்வார்கள். மைக்கனை நான் தேடிப் படித்தது அதனால்தான். ஆறடி பத்தங்குலம், தடிமனான கண்ணாடி. நோட்ரடேம் பல்கலைக்கழகம் வேண்டாம் என்று திருப்பி அனுப்பியது. டிபால் பல்கலையின் பயிற்சியாளர் ரே மேயர்தான் ஸ்கிப்பிங், குத்துச்சண்டை, நடனம் என்று போட்டு வாட்டி எடுத்தார். இந்த டிரில்லும் அங்கே பிறந்ததுதான். அப்புறம் அவரைத் தடுக்க விதியையே மாற்ற வேண்டியதாயிற்று: ரிங்கை நோக்கி இறங்கும் பந்தைத் தட்டிவிடுவது 1944இல் கல்லூரி ஆட்டத்தில் தடையானது, 1951இல் என்பிஏ என்ற தொழில்முறை லீக், பந்து வைத்திருக்கும் அணியினர் அதிக நேரம் நிற்கக்கூடாத, ரிங்குக்கு முன்னால் உள்ள ஆறடிப் பகுதியைப் பன்னிரண்டாக அகலப்படுத்தியது. அப்படியும் 1952 முதல் 1954 வரை வரிசையாக மூன்று கோப்பை!

லேக்கர்ஸ் வெறியன்:
லேக்கர்ஸின் பிற்கால நட்சத்திரம் ஷகீல் ஓ'நீல் (ஷாக்) வழியாகத்தான் எனக்கு. 2005 ஜூனில் மைக்கன் இறந்தபோது இறுதிச் சடங்குச் செலவை ஷாக் ஏற்றுக்கொண்டார் என்று படித்து, யார் இவர் என்று தேடினேன். சர்க்கரை நோயில் ஒரு காலையே இழந்திருக்கிறார். 1965க்கு முன் ஓய்வு பெற்ற ஆட்டக்காரர்களுக்குப் பென்ஷன் மிகக் குறைவாக இருந்தது. அதை உயர்த்தச் சொல்லிக் கடைசிவரை போராடியிருக்கிறார். நம் டீமும் லேசுப்பட்டதில்லை. அவருடைய 99ஆம் எண் ஜெர்சியை இனி வேறு யாரும் போடக்கூடாது என்று ஓய்வு கொடுத்தது 2022இல்தான்.