பிள்ளைகளின் கணக்கு டீம்: உங்க அனுபவம் என்னங்க?

பொள்ளாச்சி அம்மா:

ரிலே ரவுண்டு என்றால், டீமில் ஒருவர் பின் ஒருவராக உட்கார்ந்து, முன்னால் இருப்பவர் தன் விடையைச் சீட்டில் எழுதிப் பின்னால் கொடுப்பார். அதை வைத்துத்தான் அடுத்தவர் தன் கணக்கைப் போட வேண்டும். போன மாதம் கோவையில் போட்டி. என் மகளுக்கு ரெண்டாவது இருக்கை. முதல் பையனுக்கு வந்தது, அறுகோணத்துக்கு எத்தனை மூலைவிட்டம் என்ற கேள்வி. அவன் விடையைச் சதுரத்தின் பரப்பளவாக வைத்து இவள் சுற்றளவு கண்டுபிடிக்க வேண்டும். சீட்டில் 15 என்று வந்தது. பக்கம் ரூட் 15. ரிலேயில் இப்படி அசிங்கமாக வராதே என்று இவளுக்குச் சந்தேகம். ஆனால் அவன் கேள்வி இவளிடம் இல்லை, பேசவும் கூடாது. சீட்டின் ஓரத்தைப் பென்சிலால் சுரண்டிக்கொண்டே இருந்தாள். அப்புறம் 4 ரூட் 15 என்றே எழுதிப் பின்னால் கொடுத்தாள். ஆறு புள்ளிகளை இணைத்தால் 15 கோடு. அதில் ஆறு பக்கத்தைக் கழிக்க மறந்துவிட்டான். 9 வந்திருந்தால் இவளுக்கு 12.

இதுவல்ல உறுத்துவது. திரும்பும்போது, பஸ் கிணத்துக்கடவு தாண்டியதும், "அவன் ஒழுங்காப் போட்டிருந்தா ஜெயிச்சிருப்பீங்க கண்ணு" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். முன் சீட்டில் அந்தப் பையனும் அவன் அப்பாவும். கையில் இருந்த கடலை மிட்டாயைக் கடிக்காமல் திரும்பக் காகிதத்தில் மடித்து வைத்தான்.

அவிநாசிக்காரன்:

அம்மணி, ரிலே எல்லாம் சும்மா விளையாட்டுங்க. அதுக்குப் போய் மனசு சங்கடப்படாதீங்க. நிஜமான பரீட்சை ஐஓக்யூஎம், கணித ஒலிம்பியாடுக்கு நம்ம நாட்டில் நடக்கிற முதல் கட்டத் தேர்வு. என் பையன் ஒன்பதாவதில் எழுதினான். அபாகஸில் வாங்கிய கோப்பை அஞ்சு ஷோகேஸில் நிற்கிறது, அந்தத் தைரியத்தில்தான் அனுப்பினேன். வெளியே வந்து, "அப்பா, ஒரே கணக்கை ஒரு மணி நேரம் போட்டேன், வரவே இல்ல, ஆனா நல்லாருந்துச்சு" என்கிறான். கேள்வித்தாளின் ஓரமெல்லாம் ஒரே முக்கோணம், ஏழு தடவை வரைந்து அடித்திருக்கிறான். எனக்குக் கோபம்தான் வந்தது.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். மூன்று மணி நேரம், 30 கேள்வி, 100 மார்க். விடை எல்லாம் 00 முதல் 99 வரைக்குள் ஒரு முழு எண். 7 என்றால் விடைத்தாளில் 07 என்று கட்டங்களைக் கறுப்பாக்க வேண்டும். என் பையன் கட்டம் மாற்றி 70 ஆக்கிவிட்டு வந்தான், அது ஐந்து மார்க் கேள்வி. தப்புக்கு மார்க் குறைக்க மாட்டார்கள், அதனால் எதையும் காலியாக விடச் சொல்லாதீர்கள். அடுத்த கட்டமான ஆர்எம்ஓ என்கிற மண்டலத் தேர்வில் ஆறே கணக்கு, ஆனால் விடை மட்டும் போதாது, ஏன் அப்படி என்று வரிவரியாக நிரூபிக்க வேண்டும். அபாகஸ் வேகம் அங்கே வேலைக்கு ஆகாது. வீட்டில் டைமர் வைத்து உட்கார வைக்காதீர்கள். ஒரு கணக்கை ரெண்டு நாள் வைத்துக்கொள்ளட்டும். விடைப் பக்கத்தைக் கிழித்து நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

ஈரோடு தறி:

அவிநாசி அண்ணா, விளையாட்டு என்று ஒதுக்க முடியாதுங்க. சர்வதேசக் கணித ஒலிம்பியாடான ஐஎம்ஓவுக்கு நாட்டுக்கு ஆறு பேர் டீமாகப் போனாலும், ரெண்டு நாளும் அவரவர் தாளை அவரவரே எழுதுகிறார்கள். ரிலேயில்தான் நம்ம தப்பு பக்கத்து ஆள் தலையில் விழும். நானும் ஒரு காலத்தில் அதே மாதிரி ஒரு முதல் சீட்டுப் பையன்தான்.

எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை பயிற்சி தறிப்பட்டறைத் திண்ணையில். சத்தத்தில் சார் சொல்வது பாதி கேட்காது. கணித மேதை ராமானுஜனின் பிறந்த நாளான டிசம்பர் 22 விழாவில் தலைமை விருந்தினர் தவறாமல் "ராமானுஜன் பிறந்த மண்" என்பார். 1887ல் இங்கே ஈரோட்டில் அம்மாவைப் பெற்ற பாட்டி வீட்டில் பிறந்ததோடு சரி, வளர்ந்தது கும்பகோணம். அதற்கே எங்களை இந்தப் பாடு படுத்தினார்கள்!

ஒரு ரிலேயில் எனக்கு, 10க்குள் உள்ள பகா எண்களின் கூட்டுத்தொகை கேட்டிருந்தது. 1ஐயும் சேர்த்து 18 என்று எழுதிக் கொடுத்தேன். 17தான். பின்னால் மூன்று பேருக்கும் போச்சு. யார் தப்பு என்று சார் கேட்கவே இல்லை, எல்லோருக்கும் டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தார். எனக்கு மட்டும் அந்தப் பன் தொண்டையில் இறங்கவில்லை. இருபது வருஷம் ஆச்சு, டீமில் இருந்த மூன்று பேரில் ஒருத்தரிடமும் இன்னும் சொல்லவில்லை.

பொள்ளாச்சி அம்மா:

07 விஷயம் இன்றைக்குத்தான் தெரிந்தது, நன்றிங்க அண்ணா. அந்தப் பையனின் அப்பாவை நேற்று உழவர் சந்தையில் பார்த்தேன். தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தார். நான் வெண்டைக்காய்ப் பக்கம் திரும்பிப் போய்விட்டேன்.